கை கரிக்காமல் கர்த்தருக்கு நன்றி சொல்வது எப்படி?

நன்றி சொல்வதற்கும் ஒரு கையேடா என்று கேட்காதீர்கள். சாம்பார் வைக்கவே யூடியூபில் ஆயிரம் பேர் வழி சொல்லும் காலம் இது. ஆண்டவருக்கு நன்றி சொல்வது சாம்பாரைவிடச் சிக்கலான காரியம். சத்தம் குறைந்தால் விசுவாசம் போதவில்லை என்பார்கள், கூடினால் பந்தா என்பார்கள். காணிக்கை குறைந்தால் பாஸ்டரம்மா முகம் கொடுத்துப் பேசமாட்டார். கூடினால் மச்சான் கடன் கேட்டு வந்து நிற்பார். இத்தனைக்கும் நடுவில் கையை விட்டுப் பத்துப் பைசா போகாமல், பெயரும் கெடாமல் நன்றி சொல்லிப் பழகியவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். அவர்களுடைய அனுபவத்தைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஓர் ஊர் வேண்டும். மரக்காணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, வெள்ளை அம்பாரங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளும் அதே ஊர். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடி உப்புக்குப் பேர் வாங்கியது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். காக்கிநாடாவில் தொடங்குகிற பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்துதான் முடிகிறது. பக்கத்திலேயே கழுவெளி, 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பூநாரை பார்க்க வருகிறவர்களும் உப்பு பார்க்க வருகிறவர்களும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் இந்தச் சாலையில் இன்னொரு கூட்டமும் போகும். காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள். பிள்ளை பிறந்தது, கட்டி கரைந்தது, குடி நின்றது என்று ஏதோ ஒன்றுக்கு நன்றி சொல்ல முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். அவர்களை நாம் பின்பற்ற வேண்டாம். கால் கொப்பளிக்கும்.

நன்றி சொல்வதற்குத் தகுந்த காரியத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நாலு பேர் கண்ணில் படுகிறதாக இருக்க வேண்டும். வீடு, கார், மகனுக்கு சீட், மகளுக்கு வரன், கனடா விசா இவையெல்லாம் சிலாக்கியம். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினேன், ராத்திரி தூக்கம் வந்தது, சோற்றில் உப்பு சரியாக இருந்தது என்று எழுந்து நின்று நன்றி சொன்னால், பாவம் இவருக்கு இந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது என்று சபையார் முடிவு கட்டிவிடுவார்கள். கார் வாங்கினால் பின்கண்ணாடியில் ‘இது கர்த்தர் தந்தது’ என்று ஒட்டுங்கள். வங்கி தந்த ஏழு வருஷக் கடனைப் பற்றி எழுதக் கண்ணாடியில் இடம் இருக்காது. தவணை தவறி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அதைப் பிசாசின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து, சாட்சி. மைக் கைக்கு வந்ததும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஐயாவுக்கு ஸ்தோத்திரம், சபையாருக்கு ஸ்தோத்திரம் என்று மூன்றையும் வரிசை மாறாமல் சொல்லுங்கள். பிறகு பகைவர்களைக் கொண்டுவாருங்கள். பெயர் சொல்லக் கூடாது. ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். ‘எங்களுக்கு விரோதமாக எழும்பினவர்கள்’ என்று சொல்லும்போது நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற சித்தப்பா வீட்டாரைப் பார்க்காமலே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கலைக்கு லூக்கா 18-ஆம் அதிகாரத்துப் பரிசேயனே ஆசான். தான் மற்றவர்களைப் போல் இல்லை என்பதற்காக, அதிலும் பக்கத்தில் நிற்கிற வரிவசூல்காரனைப் போல் இல்லை என்பதற்காக, அவன் ஆலயத்தில் நின்று நன்றி சொன்னான். கவனியுங்கள், அவன் எதையும் கேட்கவில்லை. குறை சொல்லி அழவில்லை. முழுக்க முழுக்க நன்றி ஜெபம். இயேசு அவனை வீட்டுக்கு அனுப்பிய விதம் நமக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டாயிரம் வருஷமாக மாணவர்கள் குறையவில்லை.

தப்பிப் பிழைத்த சாட்சிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பஸ் கவிழ்ந்தது, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, கர்த்தர் காப்பாற்றினார் என்பதோடு நிறுத்திவிடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் உள்ளே வந்தபோது வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதை நாம் இன்றும் சாட்சியாகச் சொல்கிறோம். கோயிலுக்குப் பக்கத்தில் கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். அவர்களும் நன்றி சொல்லத்தான் வந்திருந்தார்கள். இந்த இரண்டாம் பாதியை மைக்கில் சொல்ல எனக்குத் தெரிந்து எவருக்கும் தைரியம் வந்ததில்லை. இதற்கு இந்தக் கையேட்டில் வழி கிடையாது. அடுத்த காரியத்துக்குப் போவோம்.

மழைக்கு நன்றி சொல்வது.

மற்ற ஊர்களில் இது பாலபாடம். மழை பெய்தால் ஸ்தோத்திரம், பெய்யாவிட்டால் உபவாச ஜெபம். மரக்காணத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏன் என்று தெரிய உப்பு எப்படி விளைகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கிறபோது அளத்தில் வேலை தொடங்கும். மழை கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரி வெளியே போட்டுவிட்டு, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தரை கெட்டித்துத் தண்ணீர் கீழே இறங்காதபடி ஆகும்வரை திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். பிறகு உவர்நீரை விட்டு, பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுவார்கள். கடல்நீர் உப்புமானியில் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே காட்டும். உப்பு பூக்க அது இருபத்தைந்து டிகிரிக்கு ஏற வேண்டும். அதாவது பத்துக் குடம் தண்ணீர் காய்ந்து ஒரு குடம் ஆகிற நேரத்தில்தான் பாத்தியின் மேல் ஏடு படியத் தொடங்கும். அதற்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும், அவசரப்படாத மனசு வேண்டும். பிறகு நீளக் கம்பில் பூட்டிய மரப்பலகையால் வாரி வரப்போரம் குவித்து, தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய் அம்பாரம் போட்டு, கீற்றோ தார்ப்பாயோ மூடுவார்கள். செப்டம்பர்வரை இதே கதைதான்.

இதற்கு நடுவில், சித்திரையில் ஒரு கோடை மழை ஒன்றரை மணி நேரம் அடித்தால் போதும். இருபத்தைந்து டிகிரிக்கு வந்திருந்த தண்ணீர் மறுபடி தண்ணீராகிவிடும். பூத்த உப்பு கரையும். மிதித்த தரை இளகும். மூடாத அம்பாரம் இருந்தால் அதுவும் வரப்பைத் தாண்டி ஓடும். அதே மழைக்குத்தான் திண்டிவனம் பக்கத்து மணிலாக்கொல்லைக்காரர் வானத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருப்பார்.

இரண்டு பேரும் ஒரே ஜெபவீட்டுக்கு வருகிறவர்களாக இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுகிற இடத்தில் பேச்சு இப்படி நடக்கும்.

“நல்ல மழைப்பா. கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு.”

“ஆமாண்ணே. எங்க பாத்தியிலயும் தொறந்து வுட்டுட்டாரு.”

அவர் சிரிப்பார், இவரும் சிரிப்பார். உள்ளே ஐயா நடத்திய ஜெபத்துக்குத்தான் பரிசு தர வேண்டும். மழை வேண்டும் என்று கேட்டால் ஒரு பெஞ்சு கோபித்துக்கொள்ளும், வேண்டாம் என்று கேட்டால் இன்னொரு பெஞ்சு. அதனால் அனுபவமுள்ள ஊழியக்காரர் ‘ஏற்ற காலத்தில், ஏற்ற இடத்தில், ஏற்ற அளவில்’ என்று கேட்டுவிட்டு, ஆமென் சொல்கிற பொறுப்பை இரு தரப்புக்கும் விட்டுவிடுவார். எந்த இடம், எந்த அளவு என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீதிமானுக்கும் அநீதிமானுக்கும் அவர் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே வசனத்தில் சூரியனைப் பற்றியும் இருக்கிறது. வயல்காரர் பாதி வசனத்தையும் அளத்துக்காரர் மீதிப் பாதியையும் வைத்துக்கொண்டு வாழ்கிற ஊர் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா தெரியவில்லை. அதே அதிகாரத்தில், அதற்கு முன்னால்தான், பூமிக்கு நீங்கள் உப்பாயிருக்கிறீர்கள் என்று அவர் சீஷர்களுக்குச் சொன்னதும் வருகிறது. அதைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். உப்பு கரைந்து மறைகிறது, உப்பு ருசி தருகிறது, உப்பு கெடாமல் காக்கிறது என்று மூன்று தலைப்பு. உப்பு வாருகிறவர் ஒருவர் பின்பெஞ்சில் அசதியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை மறந்துவிட்டால் மழைக் கணக்கு முடியாது. சீசனில் மலிந்த விலைக்கு வாங்கி அம்பாரம் போட்டு, தார்ப்பாய் போர்த்தி, ஐப்பசிக்காகக் காத்திருக்கிறவர். மழை வலுத்தால் அளத்தில் உற்பத்தி நிற்கும், இருப்பு உப்பின் விலை ஏறும். கார்த்திகையில் அவர் சொல்கிற ஸ்தோத்திரம்தான் கூரையைப் பிளக்கும். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் இந்த மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கடந்து, உள்ளே மயிலம்வரை வெள்ளக்காடாக்கிவிட்டுப் போனது. அப்படிப்பட்ட ராத்திரிக்கு மறுநாள் காலை, ஒரே சாலையில் அடுத்தடுத்த வீடுகளில், ஒருவர் மழைக்காகவும் ஒருவர் மழை நின்றதற்காகவும் ஒருவர் விலைக்காகவும் முழங்கால் போட்டிருப்பார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வது நல்லது.

இனி அறுப்பின் பண்டிகை. இதை முதன்முதலில் இப்போதைய வடிவில் நடத்தியவர் இங்கிலாந்தில் கார்ன்வால் கடலோரம் மார்வென்ஸ்டோ என்ற சிற்றூரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர். 1843 அக்டோபரில். கிறுக்குத்தனத்துக்குப் பேர்போன மனுஷன். கப்பலுடைந்து கரையொதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடி எடுத்து மரியாதையாக அடக்கம் பண்ணியவரும் அவர்தான். அவர் தொடங்கியது புதுக் கோதுமையில் சுட்ட அப்பத்துக்கு நன்றி சொல்வது. அது கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது நாம் அதில் ஏலத்தைச் சேர்த்தோம். எனக்கு இதில் வருத்தமே இல்லை. ஏலம் இல்லாத அறுப்பின் பண்டிகை, மேளம் இல்லாத கல்யாணம்.

ஏலத்தில் எப்படி நடந்துகொள்வது? முதல் காணிக்கையாக வருகிற சேவலையும் வாழைத்தாரையும் விட்டுவிடுங்கள். அவற்றை உண்மையிலேயே சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் கேட்பார்கள். நமக்கு வேண்டியது தேங்காய். ஒரு சாதாரணத் தேங்காய், எதிரும் புதிருமான இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஆயிரங்களைத் தொடும். எடுத்த தேங்காயை மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பது இன்னும் உயர்ந்த பக்தி. மறுநாள் அதே ஆள் சந்தையில் இரண்டு ரூபாய்க்காகத் தேங்காய்க்காரியிடம் சண்டை போட்டால், அது உலகக் காரியம். இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

பீடத்துக்கு முன்னால் குவித்திருக்கிற பொருள்களில் உப்பு எங்கே என்று தேடிப்பாருங்கள். பூசணி, கரும்பு, நெற்கதிர், வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் இருக்கும். உப்பளத்து ஊரிலும் உப்பு அடியில், சாக்கு மூட்டையின் ஓரத்தில் கிடக்கும். அதை ஏலம் விட்டால் கேட்க ஆளிருக்காது. லேவியராகமம் இரண்டாம் அதிகாரமோ, எந்தப் போஜனபலியும் உப்பில்லாமல் வரக்கூடாது, எல்லாக் காணிக்கையோடும் உப்பைப் படைக்க வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது. தெற்கே அந்தோணியார் கோயில்களில் இன்றும் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுகிறார்கள். ஏழைக்கு எட்டுகிற காணிக்கை அது. நம் பண்டிகைக் கமிட்டிக்கு அதில் வருமானம் இல்லை.

செல்போன் வழியாக நன்றி சொல்வதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. விடிகாலை நாலரைக்கு சூரியோதயப் படத்தின் மேல் வசனம் போட்டு எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள். ஆயிரம் ஸ்தோத்திர பலிகளைப் புத்தகத்தில் வாசிக்க நேரமில்லாதவர்கள் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் குளிக்கப் போகலாம். கணக்கு ஆயிரம் சரியாக வந்தால் போதும்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவந்தால் நன்றியினால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது. ஆனால் வேதத்திலும் வெளியிலும் சில இடங்கள் இருக்கின்றன. தெரியாமல் வாசித்துவிட்டால் பழக்கமே கெட்டுப்போகும். அவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டியது என் கடமை.

முதலாவது, லேவியராகமம் ஏழாம் அதிகாரம். ஸ்தோத்திர பலி என்று நாம் வாய் ஓயாமல் சொல்கிறோமே, அது உண்மையில் எப்படி நடந்தது என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆட்டையோ மாட்டையோ கொண்டுவந்து பலியிட்டால், அதன் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும். விடியும்வரை ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத காலம் என்பதால் அல்ல. உப்பு தெரிந்த ஜனம் அது, உப்புக்கண்டம் போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்க முடியும். கூடாது என்பது சட்டம். யோசித்துப் பாருங்கள். ஒரு முழு மாட்டை ஒரு குடும்பம் ஒரே ராத்திரியில் எப்படித் தின்று தீர்க்கும்? தெருவைக் கூப்பிட வேண்டியதுதான். சேர்த்து வைக்க முடியாத நன்றி அது, பகிர்ந்தால்தான் செல்லும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அசனம் என்று ஊரையே உட்காரவைத்துச் சோறு போடுகிறார்களே, அதற்கு இந்த அதிகாரத்தின் வாடை உண்டு. நாம் நடத்துகிற ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு அது ஒத்துவராது. நாம் பிரியாணிக்கு டோக்கன் அடித்து, திருப்பி மொய் எழுதக்கூடியவர்களை அழைக்கிறவர்கள்.

இரண்டாவது, லூக்கா 17. பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள். ஒன்பது பேர் நேராகப் போய்விட்டார்கள். சொன்னபடி ஆசாரியனிடம் காட்டி சர்டிபிகேட் வாங்கப் போனவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பிவந்து காலில் விழுந்தவன் ஒருவன். அவன் சமாரியன். அதாவது நம் சபைக்காரன் அல்ல, ஞானஸ்நானம் வாங்கவில்லை, சந்தா கட்டவில்லை. மரக்காணத்து அளங்களில் வெயிலில் நிற்கிறவர்களில் பெரும்பாலோரும் நம் சபைக்காரர்கள் அல்ல என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது வேதத்தில் இல்லை, சங்க இலக்கியத்தில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை. எழுதியவர் நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அதில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். உப்பு வண்டி ஓட்டுகிற உமணர்களும், அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிற குரங்கும்கூட அந்தப் பாட்டில் உண்டு. ஆற்றுப்படை என்பதே ஒரு வழிகாட்டி நூல், என் கையேட்டுக்குப் பாட்டன் முறை. ஆனால் அதில் நன்றி சொல்கிற விதம் முற்றிலும் தவறானது. பசித்துப் போனான் ஒரு பாணன், வள்ளலிடம் வயிறாரச் சாப்பிட்டுப் பரிசும் வாங்கினான். நியாயமாக என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வள்ளலைப் புகழ வேண்டும். இவனோ எதிரே வருகிற இன்னொரு பசித்த பாணனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இந்த ஊரில் மீன் சுட்டுத் தருவார்கள், அந்த ஊரில் சோறு போடுவார்கள், கடைசியில் அந்த வாசலில் போய் நில் என்று வழி முழுவதையும் சொல்லிவிடுகிறான். வரிசையில் இன்னொரு ஆள் சேர்ந்தால் தன் பங்கு குறையுமே என்ற புத்திகூட இல்லை. சாட்சி சொல்லிவிட்டு, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அந்த உதவித்தொகை கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் உட்காருகிற நம்முடைய பக்குவம் அந்தப் பாணனுக்கு வரவில்லை.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உபாகமம் 24-உம் யாக்கோபு 5-உம். கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்கிறது முதலாவது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய காதுக்குப் போய்விட்டது என்கிறது மற்றது. இங்கேதான் நம் முறைக்கு ஆபத்து. நாம் மேலே பார்த்துச் சொல்லுகிற ஸ்தோத்திரம் போய்ச் சேர்கிற அதே காதில் இன்னொரு சத்தமும் விழுந்துகொண்டிருக்கிறது என்றால், எது முந்தி, எது பிந்தி?

அளத்தில் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று இருட்டோடு வந்தவள். தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை, கூடையில் ஈரம் சொட்டுகிற உப்பு. சொட்டுகிற நீர் கழுத்து வழியே இறங்கி ரவிக்கையை மொடமொடப்பாக்கும். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் இருபத்தைந்து டிகிரித் தண்ணீர். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி, காலையில் பழைய சாக்ஸைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே பாத்தியில் இறங்குவாள். வெள்ளை வெளேரென்ற தரையில் பட்டுத் திரும்புகிற வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் சீக்கிரம் மங்கும். நம் வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, இந்த ஆகாரத்துக்காக நன்றி என்று சொல்கிறோமே, அந்த ஆகாரத்தின் ருசி அவள் தலை வழியாக வந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன பழமொழியும் உப்பு வாரியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நாமும் சொல்லத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் வேலை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதம் பாத்தி முழுக்கத் தண்ணீர். தொழிலாளர் வீடுகளில் முன்பணம் வாங்கித்தான் அடுப்பெரியும். தையில் பாத்தி மிதிக்கத் தொடங்கும்போதே அந்தக் கடனும் சேர்ந்து மிதிபடும். உப்பளத் தொழிலாளர்களுக்கு இந்த மழைக்காலத்துக்காகத் தமிழ்நாடு அரசு தருகிற நிவாரணம் ரூ.5,000. மூன்று மாதத்துக்கும் சேர்த்து. போட்டி வலுத்தால் நம் ஏலத்தில் ஒரு தேங்காய்க்கு அந்த விலை.

ஐயா, அம்மா, இந்தக் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாமா என்று யாராவது கேட்டால் இரண்டு காரியம் சொல்வேன். தெருவில் கல்லுப்பு விற்றுக்கொண்டு வருகிறவரிடம் பேரம் பேசாதீர்கள். அறுப்பின் பண்டிகை உங்கள் சபையில் எந்த மாதம் வந்தாலும், கணக்கு வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, இதில் அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு, வேலையில்லாத வீடுகளுக்கு எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று செயலாளரைக் கேளுங்கள். கிறிஸ்தவ வீடா, வேறு வீடா என்று பிரிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் சங்கடப்படுவார். பரவாயில்லை, கேளுங்கள்.